நெட்டையின் இடது கால்

போருக்கென்று செய்த இரும்பு மனிதர்களில் முதல் நெட்டைக்கு மண்டியிடத் தெரியாது. விழுந்தால் விழுந்ததுதான். தூக்கி நிறுத்த இரண்டு கிரேன்கள் கூடவே போக வேண்டும். கிரேன்களுக்குக் காவலாகத்தான் நெட்டையைப் போருக்கு அனுப்புகிறோம் என்று பட்டறையில் அப்போது சொல்வார்களாம்.

இரண்டாவது வகை மண்டியிட்டது. எழவில்லை.

மூன்றாவது வகையில் ஓட்டியைத் தலைக்குள் உட்கார வைத்தார்கள். உள்ளே இருந்து நெட்டையை நடத்துபவரை ஓட்டி என்போம். மனிதனுக்குக் கண் தலையில்தானே இருக்கிறது என்று வரைந்தவர்கள் நினைத்திருக்க வேண்டும். ஆறு மாடி உயரத்தில் அந்தத் தலை ஒவ்வோர் அடிக்கும் ஓர் அறையின் அகலத்துக்கு ஆடியது. ஓட்டிகள் எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே வாந்தி எடுத்துச் சோர்ந்துபோனார்கள். நான்காவது வகையில் அவர்களை வயிற்றுக்குக் கொண்டுவந்தார்கள். நடக்கும் உடம்பில் மிகக் குறைவாக அசைகிற இடம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. கல்லூரியில் நான் ஈர்ப்பு மையம் என்று படித்ததை இங்கே வயிறு என்கிறார்கள்.

"குழந்தைய எங்க வைக்கணும்னு எல்லா அம்மாவுக்கும் தெரியும். இவங்க மூணு மெஷினை உடைச்சுத் தெரிஞ்சுகிட்டாங்க" என்று அக்கா சொல்வாள்.

அக்கா ஐந்தாவது வகை நெட்டை ஒன்றின் ஓட்டி. நான் அதே நெட்டைகளுக்கு நடை வெட்டும் கூடத்தில் வேலை செய்கிறேன்.

ஐந்தாவது வகையில்தான் நடை பிடிபட்டது. அதுவரை எல்லா நெட்டைக்கும் ஒரே நடை. நிறையப் பேரை நடக்கவிட்டு, அளந்து, கூட்டி வகுத்து அதை உண்டாக்கியிருந்தார்கள். பொது நடை என்று பெயர். பலருடைய சராசரி யாருடைய நடையும் இல்லை. ஓட்டியின் கால்கள் இரண்டு உறைகளுக்குள் இருக்கும். அவர் காலை எடுத்தால் நெட்டையும் எடுக்கும். ஆனால் அவ்வளவு இரும்பு சொன்னவுடன் கேட்காது. அவர் எப்போது, எப்படி எடுப்பார் என்று அதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது தப்பாக இருந்தால் இரும்புக்கும் மனிதருக்கும் உள்ள வித்தியாசத்தை ஓட்டியின் முதுகெலும்பு தாங்கும். கொஞ்ச காலம் தாங்கும்.

அதனால் ஒவ்வோர் ஓட்டிக்கும் அவருடைய நடையையே பன்னிரண்டு தகடுகளில் வெட்டித் தருகிறோம். மூட்டுக்கு இரண்டு, ஒன்று மடக்க, ஒன்று சாய்க்க. ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. வட்டம் என்று சொல்ல முடியாது, முட்டை வடிவம் என்றும் சொல்ல முடியாது. தகடு சுழலும்போது அதன் விளிம்பின் மேல் ஒரு சின்ன உருளை ஊர்ந்து போகும். விளிம்பு மேடானால் முழங்கால் மடங்கும். பள்ளமானால் நீளும். ஒரு மனிதரின் இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாம் அந்த மேடு பள்ளங்களில் இருக்கின்றன.

நடை எடுக்கும்போது பிடிக்கும் படங்களைத் தகடு வெட்டியதும் எரித்துவிடுவோம். அடுத்த அடி எங்கே விழும் என்று எதிரிக்குத் தெரியக் கூடாது. தகடு மட்டும்தான் மிஞ்சும்.

தகட்டின் உலோகம் இப்போது கிடைப்பதில்லை. அது கிடைத்த மலை இப்போது எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், எதிரியிடம் இருக்கிறது. உருக்கி மறுபடி வார்த்தாலும் கலவை கெட்டுவிடும். அதனால் ஓர் ஓட்டி போனதும் அவருடைய தகட்டின் விளிம்பை அரைத்து, உள்ளே தள்ளி அடுத்தவரின் நடையை வெட்டுகிறோம். ஓட்டி வேறு வேலைக்குப் போனாலும் சரி, வேறு விதமாகப் போனாலும் சரி. ஒரு தகடு மூன்று பேரைத் தாங்கும் என்பது கணக்கு. மூன்றாமவருக்குத் தாங்குமா என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும்.

அக்கா இரண்டாமவள்.

*

அவளுடைய நெட்டை ரயிலில் திரும்பி வந்தது. முற்றத்தில் மண்டியிட்டபடி நின்றது. மேலே ஒரு கீறல்கூட இல்லை. ஆற்றங்கரையில் குண்டு பக்கத்தில் விழுந்திருக்கிறது. இரும்பு தாங்கியது. உள்ளே இருந்தவள் தாங்கவில்லை. அவளை அங்கேயே புதைத்துவிட்டதாகச் சொன்னார்கள். அவளுடைய பை வந்தது. கம்பளித் துணி விரித்த பெட்டியில் பன்னிரண்டு தகடுகள் எங்கள் கூடத்துக்கு வந்தன.

அக்காவின் இடது கால் இழுக்கும். சின்ன வயதில் அம்மா அவளைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து ஓட்டிப்போனபோது சக்கரக் கம்பிக்குள் கால் போய்விட்டது. எலும்பு கூடியது. விரல் நுனி மட்டும் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். அவள் படியேறினால் மேல் மாடிக்காரர்களுக்கும் தெரியும். "காலைத் தூக்கி நட, காலைத் தூக்கி நட" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பாள்.

அக்காவின் நடையை எடுத்த அன்று நான் கூடத்தில் இருந்தேன். இடுப்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டாணி அளவு விளக்குகளைக் கட்டி, ஜன்னல்களை மூடி இருட்டாக்கி நடக்கவிடுவோம். அவள் தலையை நிமிர்த்தி ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள்.

"போட்டோவுக்கு நடக்காதம்மா" என்றார் எங்கள் மேஸ்திரி. "கடைக்குப் போற மாதிரி நட."

"கால் இழுக்குது சார். அதை மட்டும் எடுத்துடுங்களேன்."

"எடுக்கலாம். கூடவே முதுகெலும்பையும் எடுக்கணும். சம்மதமா?"

அவள் சிரித்தாள். அவளைக் களைத்துப்போகும்வரை நடக்கவிட்டார். களைத்ததும் மறந்துபோனாள். இருட்டில் இடது கணுக்காலின் விளக்கு ஒவ்வோர் அடியின் முடிவிலும் கொஞ்சம் தாழ்ந்து, தயங்கி, எழுந்தது.

அந்த நெட்டை ஊரைவிட்டுப் போனபோது பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சாலையில் இடது காலின் நுனி தேய்த்துக்கொண்டு போனது. சாலையில் வரிசையாகப் பள்ளங்கள் விழுந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் படுக்கலாம். நகராட்சி மற்றவற்றை மூடிவிட்டது. நிலையத்தின் வாசலுக்கு நேரே இருந்த ஒன்றை மட்டும் மூடவில்லை. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும்.

அம்மாவுக்கு அந்த நிலையத்தில்தான் வேலை. வண்டிகள் வருவதையும் போவதையும் ஒலிபெருக்கியில் சொல்பவள். படிக்கட்டுக்குக் கீழே அரைத்தளத்தில் அவளுடைய கண்ணாடி அறை இருக்கிறது. ஜன்னல் தரை மட்டத்தில் இருப்பதால் முகம் எதுவும் தெரியாது. கால்கள் மட்டும்தான். தினம் வரும் பயணிகளை அவள் நடையை வைத்தே அடையாளம் சொல்வாள். முதல் விடுமுறையில் அக்கா வந்தபோது, "பெரியவ ஒவ்வொரு அடிக்கும் நின்னு நின்னு வர்றா. யாருக்கோ காத்திருக்கிற மாதிரி" என்றாள். நெட்டைக்குக் காத்திருந்து பழகிவிட்டது என்று நான் விளக்கினேன். "அது இவளுக்குக் காத்திருக்கும்னு நினைச்சேன்" என்றாள் அம்மா.

*

நாளெல்லாம் பேசிவிட்டு வருவதால் வீட்டில் அம்மா அதிகம் பேச மாட்டாள். அன்று சாப்பிட்டு முடித்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தவள் டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"தகடு வந்திருச்சா, சின்னவளே?"

"வந்திருச்சும்மா."

"எப்ப அரைப்பீங்க?"

"நாளைக்குப் புது ஓட்டியோட நடைய எடுக்குறோம். அப்புறம் தகட்டை அளக்கணும். தாங்கும்னா அரைப்போம்."

"தாங்காதுன்னா?"

"மூலையில ஒரு பெட்டி இருக்கு. அதுல போட்டுடுவோம். வீட்டுக்காரங்க கேட்டா குடுத்திருக்காங்க. ஒருத்தர் காத்துல கதவு அடிக்காம இருக்க வச்சிருக்காராம்."

"நான் கதவுக்கு வைக்க மாட்டேன்."

நான் தட்டுகளை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அள."

"அம்மா."

"ஒரு வார்த்தைதானே. முடிஞ்சுதுன்னு சொல்லிடு."

"அந்தப் பொண்ணுக்குப் பொது நடை வந்துடும்மா. வேற தகடு கிடையாது."

"பெரிய எடம். அவங்களுக்கு வழி தெரியாமயா போயிடும்?" அவள் குரல் நிலையத்தில் பேசுவதைப் போலவே சீராக இருந்தது. "எனக்குக் குழி கூட காட்டல. ஒரு பை குடுத்தாங்க. அதுல சீப்பு இருந்துச்சு, பல்விளக்குற பிரஷ் இருந்துச்சு. அவ எங்க இருக்கான்னா அந்தத் தகட்டுலதான் இருக்கா. நீதானே சொன்ன."

நான்தான் சொல்லியிருந்தேன். தகடு வெட்டி முடித்த நாளில், பெருமையாக.

"சரிம்மா" என்றேன். கையை விட்டாள்.

*

புது ஓட்டி சத்தமாகப் பேசுகிறவள். ஷூவைக் கழற்றிக்கொண்டே கூடத்தில் எல்லாரிடமும் பெயருக்குப் பதிலாகப் பட்டப்பெயரைச் சொன்னாள்.

"வாத்துன்னே கூப்பிடுங்க. எப்படியும் நடந்து காட்டினதும் அதைத்தான் கூப்பிடப் போறீங்க."

எங்கள் கூடத்தில் அரைக்கும் வேலை பார்ப்பவருக்குத் தூசி என்று பெயர். தலைமுடி, புருவம் எல்லாம் உலோகத் தூள் படிந்து சாம்பல் நிறத்தில் இருப்பார். "இங்க எல்லாருக்கும் அப்படித்தாம்மா" என்றார் அவர். "நான் குளிச்சிட்டு வந்தா எங்க வீட்டு நாய் குரைக்கும்."

நான் அவள் கணுக்காலில் விளக்கைக் கட்டினேன். பாதங்கள் உள்பக்கம் திரும்பியிருந்தன. வலது குதிகாலில் பழைய தழும்பு இருந்தது.

"அக்கா, தகடு தாங்குமா?" என்று குனிந்து கேட்டாள். என்னைவிட அவள் சின்னவள்தான். யாரும் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

"அளந்தாத்தான் தெரியும்."

"எங்க செட்டுல ஒருத்தனுக்குப் பொது நடைதான் கெடைச்சுது. தகடு இல்லைன்னுட்டாங்க. நல்லாத்தான் இருந்தான். இப்ப ஆஸ்பத்திரியில, படுத்தபடியே கிரிக்கெட் கேட்டுட்டு இருக்கான். ஜெயிச்சாக்கூட எந்திரிச்சுக் கை தட்ட முடியல." அவள் சிரித்தாள். கால்விரல்கள் தரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. "எனக்கு முன்னாடி இருந்தவங்க எப்படி நடப்பாங்க?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். தூசி அண்ணன் வேறு எங்கோ பார்த்தார்.

"இடது கால் இழுக்கும்" என்றேன்.

"அப்பாடா. நான் ஏதோ பெரிய நடைக்காரி எடத்துக்கு வர்றேனோன்னு பயந்துட்டேன்."

ஜன்னல்களை மூடினோம். அவள் நடந்தாள். அவளைக் களைக்கவைக்க வேண்டியிருக்கவில்லை. முதல் அடியிலிருந்தே நடிப்பு இல்லை. இருட்டில் ஆறு விளக்குகளும் இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து போயின. எங்கோ கூடத்தின் கோடியிலிருந்து, "குவாக்" என்று ஒரு குரல் வந்தது. அவளேதான்.

*

மதியத்துக்கு மேல் மேஸ்திரி கம்பளிப் பெட்டியை என் மேஜையில் வைத்தார்.

"வேண்டாம்னா சொல்லு. தூசி அளக்கட்டும்."

"நானே அளக்குறேன் சார்."

"உன் இஷ்டம். வழக்கம் தெரியும்ல?"

தெரியும். எங்கள் கூடத்தில் ஒரு தகட்டை ஒரு தடவைதான் அளக்க வேண்டும். இரண்டாம் தடவை அளப்பவன் தனக்கு வேண்டிய பதிலை எடுத்துவிடுவான் என்பார்கள். அளந்ததும் எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இருக்கு. அல்லது, முடிஞ்சுது. அளந்தவர் சொன்னதை மற்றவர் கேள்வி கேட்பதில்லை. அரைக்க எவ்வளவு மிச்சம் என்று காட்டும் டயலில் பச்சைப் பக்கமும் சிவப்புப் பக்கமும் நடுவில் ஒரு கோடும் இருக்கும். ஊசி கோட்டின் மேலேயே நின்றால் அளந்தவரின் வார்த்தைதான் அளவு.

பன்னிரண்டில் ஒன்று முடிந்தாலும் மொத்தமும் முடிந்ததாகத்தான் அர்த்தம். ஒரு நடையைப் பாதியாக வெட்ட முடியாது.

நான் ஒவ்வொன்றாக வைத்தேன். வலது இடுப்பு. இருக்கு. வலது முழங்கால். இருக்கு. தூசி அண்ணன் ஒவ்வொன்றுக்கும் சாக்குக் கட்டியால் பலகையில் ஒரு கோடு போட்டார். பதினொன்றும் பச்சையில் நின்றன. கடைசியாக இடது கணுக்காலை மடக்கும் தகடு.

அந்தத் தகட்டில் மட்டும் விளிம்பில் ஒரு பள்ளம் இருந்தது. விரல் நுனி தரையைத் தேய்க்கும் இடம். வேறு எந்த ஓட்டியின் தகட்டிலும் அவ்வளவு ஆழமாக வெட்டியதில்லை. நகத்தால் தொட்டாலே தெரியும். டயலை அந்தப் பள்ளத்துக்கு நேரே பொருத்திக் கையை எடுத்தேன்.

ஊசி கொஞ்சம் ஆடி, கோட்டின் மேல் நின்றது.

கோட்டின் மேல் என்று மற்றவர்களுக்கு என் முதுகைப் பார்த்தே தெரிந்திருக்கும். முடிஞ்சுது என்று சொன்னால் பொய் இல்லை. கோடு யாருக்கும் சொந்தம் இல்லை. பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வீட்டுக்குப் போகலாம். அம்மா கதவைத் திறப்பாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் வாத்து உட்கார்ந்திருந்தாள். முடிவு தெரிந்தால்தான் அவளை அனுப்புவார்கள். குனிந்து ஷூ நாடாவைக் கட்டினாள். ஒரு பக்கம் சரியாக வரவில்லை போலிருக்கிறது, அவிழ்த்து மறுபடி கட்டினாள். குனிந்த முதுகில் சட்டைக்கு மேலேயே எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பிறகு எந்தச் சிரமமும் இல்லாமல் நிமிர்ந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"இருக்கு" என்றேன்.

"கேக்கலம்மா" என்றார் மேஸ்திரி. அவருக்குக் கேட்டிருந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி என்பது வழக்கம்.

"இருக்கு."

தூசி அண்ணன் பன்னிரண்டாவது கோட்டைப் போட்டார். சாக்குக் கட்டி உடைந்தது.

மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னிக்கு அரைக்க வேண்டாம். மெஷின்ல பெல்ட் சரியில்ல."

"பெல்ட் போன வாரம்தானே மாத்தினோம்" என்றார் தூசி அண்ணன்.

மேஸ்திரி அவரைப் பார்த்தார்.

"ஆமாமா. சரியில்ல" என்றார் தூசி அண்ணன்.

"உங்க அம்மாவை வரச் சொல்லு" என்றார் மேஸ்திரி என்னிடம். "சின்னக்கால்ல மாட்டிக் காட்டு."

*

அம்மாவின் அறையில் இன்னொரு நாற்காலி கிடையாது. கதவருகே நின்றேன். ஜன்னலில் கால்கள் போய்க்கொண்டிருந்தன. எதிர்ச்சாலையில் பள்ளம் காய்ந்து கிடந்தது.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வந்த நடையிலேயே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"இருக்குன்னு சொல்லிட்டேன்மா."

அம்மா மைக்கின் பொத்தானை அழுத்தினாள். மூன்றாவது நடைமேடையில் நிற்கும் வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும் என்று சொன்னாள். பயணிகள் தங்கள் உடைமைகளைச் சரிபார்த்துக்கொள்ளவும் என்றாள். பொத்தானை விட்டாள்.

"ஊசி எங்க நின்னுச்சு?"

பச்சையில் என்று சொல்லியிருக்கலாம்.

"கோட்டு மேல."

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். "கோட்டு மேல" என்றாள். "அப்ப நீ சொல்றதுதான்."

"ஆமாம்மா."

"பெத்தவ கேட்டேன்."

அடுத்த வண்டி வந்தது. அதையும் அறிவித்தாள். பிறகு கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"சின்னக்கால்னா என்னது?"

*

சின்னக்கால் என்பது நெட்டையின் கால்களைப் போலவே செய்த ஒரு ஜோடி இரும்புக் கால்கள். முழங்கால் உயரம்தான். இடுப்புக்கு மேல் ஒன்றும் இல்லை. மேஜை மேல் ஒரு ரப்பர் பட்டை ஓடும். அதன் மேல் கால்கள் நடக்கும். வெட்டிய தகட்டை நெட்டையில் பொருத்துவதற்கு முன் அதில் மாட்டிச் சரிபார்ப்போம்.

தூசி அண்ணன் அம்மாவுக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். துடைத்ததில் இன்னும் அழுக்கானது. மேஸ்திரி எல்லாரையும் டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார். வாத்து போய்விட்டிருந்தாள்.

நான் பன்னிரண்டு தகடுகளையும் மாட்டினேன். கைப்பிடியைத் திருப்பினேன்.

வலது கால் முன்னால் போனது. இடது கால் எழுந்து, முன்னால் வந்து, இறங்கும்போது நுனி பட்டையைத் தேய்த்தது. ஸ்ஸ் என்று ஒரு சத்தம். வலது. இடது, ஸ்ஸ். எங்கள் மாடிப்படியில் கேட்ட அதே சத்தம். விடுமுறையில் வந்தபோது இருந்த காத்திருக்கும் நடை இல்லை இது. அதற்கும் முந்தையது. கடைக்குப் போகிற நடை.

அம்மா ஸ்டூலில் உட்காரவில்லை. குனிந்து முகத்தை மேஜையின் மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். அவள் ஜன்னலிலிருந்து பார்க்கிற மட்டம் அது. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வலது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, கால்களுக்கு முன்னால் பட்டையின் ஓரத்தில் வைத்தாள். நடை பழகும் குழந்தைக்கு முன்னால் வைப்பார்களே, அப்படி.

கால்கள் நடந்தன. பட்டை பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. கைக்கும் கால்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளி அப்படியே இருந்தது. அம்மா கையை எடுக்கவில்லை.

"வா" என்றாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

நெடுநேரம் கழித்து, "நிறுத்து" என்றாள்.

நிறுத்தினேன். இடது கால் பாதி எழுந்த நிலையில் நின்றுவிட்டது. அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நான் தகடுகளைக் கழற்றும்போது இடது கணுக்காலின் தகட்டை வாங்கிப் பார்த்தாள். பள்ளத்தில் கட்டைவிரலை வைத்தாள்.

"இவளுக்கு முன்னாடி இதுல யாரு இருந்தா?"

"ஒருத்தர். முன்பாதத்துல அழுத்தி நடப்பார்."

"அவர் தகட்டை யாரு அரைச்சா?"

"தூசி அண்ணன். நான் விளக்குப் பிடிச்சேன்."

அன்று அக்காவின் நடையை வெட்டப்போகிறோம் என்ற சந்தோஷத்தில் இருந்தேன். விளக்கை நன்றாகப் பிடி என்று தூசி அண்ணன் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பழைய விளிம்பு பொறிகளாக உதிர்ந்தது. அது யார் என்று நான் கேட்கவில்லை.

"அவங்க வீட்லயிருந்து யாராவது வந்து பாத்தாங்களா?"

"இல்லம்மா. யாரும் கூப்பிடல."

"அவரு இதுல கொஞ்சம்கூட மிச்சமில்லையா?"

"இல்லம்மா. அவர் வெளிப்பக்கம் இருந்தார். எல்லாம் போயிடுச்சு."

அம்மா தகட்டின் விளிம்பை வெளிப்பக்கமாகத் தடவினாள். அங்கே ஒன்றும் இல்லை, காற்றுதான். பிறகு தகட்டைப் பெட்டியில் கம்பளியின் மேல் வைத்தாள். குப்புற வைத்திருந்ததைத் திருப்பி வைத்தாள்.

"பாத்து அரைக்கச் சொல்லு" என்றாள்.

மறுநாள் நான்தான் விளக்குப் பிடித்தேன். தூசி அண்ணன் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இடது கணுக்காலைக் கடைசியில் அரைத்தார். சுற்றிலும் அரைத்து முடித்த பிறகும் அந்தப் பள்ளம் ஒரு கோடாகத் தெரிந்துகொண்டிருந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

*

நெட்டை புறப்பட்ட அன்று மழை விட்டிருந்தது. எனக்கு வேலை இருந்தது. மேஸ்திரி, "பெல்ட் இன்னும் சரியாகல, போயிட்டு வா" என்றார்.

நான் போனபோது அம்மா ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள். மேஜையில் டம்ளரில் இருந்த வெந்நீர் நடுங்க ஆரம்பித்தது. கண்ணாடி அதிர்ந்தது. நிலையத்தில் கூட்டம் சாலைப் பக்கம் ஓடியது. எங்கள் ஜன்னலுக்கு முன்னால் நிறையக் கால்கள் வந்து மறைத்தன. பிறகு எல்லாம் பின்வாங்கின.

எங்களுக்கு முழு நெட்டையும் தெரியவில்லை. பாதங்கள் மட்டும்தான். வலது பாதம் வந்து இறங்கியது, உள்பக்கம் திரும்பி. மண்ணும் தண்ணீரும் தெறித்தன. மேலே வயிற்றுக்குள் வாத்து உட்கார்ந்திருப்பாள். அவள் முதுகு நேராக இருக்கும்.

இடது பாதம் எழுந்தது. சாலையிலிருந்த பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதன் மேல் பாதத்தின் நிழல் விழுந்தது. அம்மா முன்னால் சாய்ந்தாள். நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

சத்தம் வரவில்லை. பாதம் பள்ளத்துக்கு மேலாகப் போய், அதற்கு அப்பால் தட்டையாக இறங்கியது. தண்ணீர் மட்டும் கொஞ்சம் ஆடியது.

அம்மா அடுத்த அடியையும் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். பாதங்கள் ஜன்னலின் ஓரத்தைத் தாண்டிப் போனபின் அதிர்வு மெல்லக் குறைந்தது. டம்ளரில் தண்ணீர் அடங்கியது. அவள் மைக்கை இழுத்துப் பொத்தானை அழுத்தினாள். தாமதமான வண்டிகளைப் பற்றிச் சொன்னாள். குரல் எப்போதும் போல இருந்தது. பொத்தானை விட்டாள்.

"நல்லா காலைத் தூக்கி நடக்குறா" என்றாள்.